ஒரு படத்துக்கு எத்தனை சர்வர்கள் வாடகை கட்டுகின்றன?

மாஸ்டடான், லெம்மி போன்ற பரவலாக்கப்பட்ட தளங்களில் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு இந்த மாதிரி அறிவிப்பு பழக்கமானதுதான்: "டிஸ்க் நிறையப் போகிறது, சில நாளைக்குப் படம் ஏற்ற முடியாது", "ஸ்டோரேஜ் பில் கூடிவிட்டது, முடிந்தவர்கள் உதவுங்கள்." முந்நூறு பேர் பேசிக்கொள்ளும் இடத்துக்கு அப்படி என்ன செலவாகிவிடும் என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். ஒரு ஃபைல் இந்தத் தளங்களில் எந்த வழியாகப் போகிறது, எங்கெல்லாம் தங்குகிறது என்று தெரிந்தால் பதில் தானாகவே வந்துவிடும். கம்ப்யூட்டர் படித்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

முதலில் பரவலாக்கப்பட்ட தளம் என்றால் என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரெட்டிட்டிலோ ஃபேஸ்புக்கிலோ எல்லாருடைய பதிவும் ஒரே நிறுவனத்தின் சர்வர்களில் இருக்கிறது. செலவும் அவர்களுடையது, விளம்பர வருமானமும் அவர்களுடையது. மாஸ்டடானிலும் லெம்மியிலும் அப்படி ஒரு மையம் கிடையாது. மென்பொருள் இலவசம். யார் வேண்டுமானாலும் ஒரு சர்வரை வாடகைக்கு எடுத்து அதை நிறுவி, நண்பர்களையோ ஒரே ஆர்வம் உள்ளவர்களையோ சேர்த்துக்கொள்ளலாம். ஜிமெயிலிலிருந்து யாஹூவுக்கு மெயில் போவதைப் போல, ஒரு சர்வரில் இருப்பவர் எழுதியதை இன்னொரு சர்வரில் இருப்பவர் படிக்கலாம், பதில் போடலாம். சர்வர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் முறைக்கு ஆக்டிவிட்டிபப் என்று பெயர். 2018 ஜனவரியில் இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு அதைத் தரநிலையாக அறிவித்தது.

ட்விட்டர் பாணியிலான மாஸ்டடானை 2016-ல் ஜெர்மனியில் ஓய்கன் ரோஹ்கோ வெளியிட்டார். லெம்மி, ரெட்டிட் பாணியிலான விவாத மன்றம். 2023-ல் ரெட்டிட், வெளிச் செயலிகள் அதனோடு இணையும் வழியான ஏபிஐக்குக் கட்டணம் விதித்து, அப்போலோ போன்ற செயலிகள் ஜூன் 30-ஆம் தேதியோடு மூடப்பட்டபோது பெருங்கூட்டம் லெம்மிக்கு வந்தது. அந்தக் கூட்டத்தை வரவேற்ற சர்வர்களில் பல, தனி ஆட்கள் சொந்தக் காசில் நடத்தியவை. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

எழுத்துக்கு ஆகும் இடம் மிகக் குறைவு. எழுத்தைக் கம்ப்யூட்டரில் பதியும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்தைவிட அதிக இடம் பிடிக்கும்: ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட். 'கி' என்று எழுதினால் 'க'வுக்கு 3, கொக்கிக்கு 3, ஆக 6 பைட். அப்படி இருந்தும் நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் இந்தக் கட்டுரை முழுதும் சுமார் 50 கேபிதான் வரும். போனில் எடுத்த ஒரு சாதாரணப் படம் 4 எம்பி. அதாவது ஒரே ஒரு படத்தின் இடத்தில் இதைப் போன்ற எண்பது கட்டுரைகளை வைக்கலாம். பேச்சால் எந்தச் சர்வரும் நிரம்புவதில்லை. நிரப்புவது படமும் வீடியோவும்தான்.

சரி, இப்போது ஒரு படத்தின் பின்னாலேயே போவோம்.

மாஸ்டடானில் நீங்கள் ஒரு படத்தை ஏற்றுகிறீர்கள். 16 எம்பி வரை அனுமதி. வீடியோவாக இருந்தால் 99 எம்பி வரை. உங்கள் சர்வர் அதை வாங்கி, 8.3 மெகாபிக்சலுக்கு மேல் இருந்தால் சுருக்குகிறது. பட்டியலில் காட்டுவதற்கு ஒரு சிறிய பிரதியையும் செய்கிறது. ஆக, ஏற்றியது ஒன்று, டிஸ்கில் இருப்பது இரண்டு. அப்புறம் உங்கள் பதிவு, உங்களைப் பின்தொடர்பவர்கள் இருக்கும் ஒவ்வொரு சர்வருக்கும் போகிறது. போவது எழுத்தும் படத்தின் முகவரியும்தான். படம் அதோடு போவதில்லை. முகவரியைப் பெற்றுக்கொண்ட சர்வர், பின்னணியில் தானாக ஓடும் ஒரு நிரல் வழியாக உங்கள் சர்வரிலிருந்து படத்தை இறக்கித் தன் டிஸ்கில் ஒரு பிரதி வைத்துக்கொள்கிறது. உங்களைப் பின்தொடர்பவர்கள் 200 சர்வர்களில் இருந்தால் ஒரு நிமிடத்துக்குள் 200 பிரதிகள் உருவாகிவிடலாம். அதில் எத்தனை பேர் அந்தப் படத்தை உண்மையில் பார்த்தார்கள் என்பது வேறு விஷயம். யாருமே பார்க்காவிட்டாலும் பிரதி பிரதிதான், இடம் இடம்தான்.

ஏன் இப்படிச் செய்கிறார்கள்? நல்ல காரணங்கள் உண்டு. எல்லாரும் உங்கள் சர்வருக்கே வந்து படம் கேட்டால் அது திணறிவிடும். படிப்பவரின் ஐபி முகவரி முன்பின் தெரியாத சர்வருக்குப் போகாமல் இருப்பதும் ஒரு பாதுகாப்பு. ஆனால் விளைவு என்னவென்றால், செலவு செய்பவரும் ஏற்றியவரும் வேறு வேறு ஆட்களாகிவிடுகிறார்கள். இந்தத் தளங்களின் பொருளாதாரமே இதில்தான் இருக்கிறது. பலர் இதைக் கவனிப்பதே இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் புரிதலுக்காக நான் எடுத்துக்கொண்டவை. உங்கள் சர்வரில் 300 பேர் தினமும் எழுதுகிறார்கள், ஆளுக்கொரு படம், ஒவ்வொன்றும் 400 கேபி. ஒரு நாளைக்கு 120 எம்பி. ஒரு வருடத்துக்கு 44 ஜிபி. ஒரு பென் டிரைவில் அடங்கிவிடும். இப்போது அந்த 300 பேரும் சேர்ந்து வெளியே 5,000 பேரைப் பின்தொடர்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த 5,000 பேர் தினம் இரண்டு படம் போட்டு, ஒவ்வொன்றும் 300 கேபி என்றால், உங்கள் சர்வருக்கு வந்து சேர்வது நாளொன்றுக்கு 3 ஜிபி. உங்கள் ஆட்கள் ஏற்றியதைப் போல 25 மடங்கு. ஒரு வருடம் யாரும் சுத்தம் செய்யாமல் விட்டால் ஒரு டிபியைத் தாண்டிவிடும். அதில் உங்கள் சர்வர் உறுப்பினர்களின் படம் ஒன்றுகூட இருக்காது.

மாஸ்டடானில் டூட்சிடிஎல் என்ற கட்டளைக் கருவி இருக்கிறது. அதில் மீடியா யூசேஜ் என்று கேட்டால் இணைப்புப் படங்கள் மொத்தம் இத்தனை ஜிபி, அதில் உள்ளூருடையது, அதாவது உங்கள் உறுப்பினர்கள் ஏற்றியது, இத்தனை என்று அடைப்புக்குறிக்குள் காட்டும். சர்வர் நடத்தத் தொடங்கும் ஒவ்வொருவரும் முதல் மாதத்திலேயே அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அதே கருவியில் மீடியா ரிமூவ் என்று கொடுத்தால் ஏழு நாளுக்கு மேற்பட்ட வெளியூர்ப் பிரதிகளை, அதாவது மற்ற சர்வர்களிலிருந்து வந்தவற்றை, நீக்கிவிடும். நம் கணக்கில் ஒரு டிபி, 21 ஜிபியாகிவிடுகிறது. நீக்கிய படத்தை யாராவது பிறகு திறந்தால், மூலச் சர்வர் உயிரோடு இருக்கும்வரை அது மறுபடி இறங்கிக்கொள்ளும். எனவே பயப்பட வேண்டியதில்லை. முகப்புப் படங்களும் பேனர்களும் இந்தக் கட்டளைக்குச் சிக்காமல் தங்கிவிடும். அவற்றைத் தனியாகச் சொல்லித்தான் நீக்க வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. மாஸ்டடான் நிர்வாகப் பக்கத்தில் மீடியாவை எத்தனை நாள் வைப்பது என்று ஒரு பெட்டியும், அதன் அருகிலேயே வெளியூர்ப் பதிவுகளை எத்தனை நாள் வைப்பது என்று இன்னொரு பெட்டியும் இருக்கும். முதலாவதைப் பயமின்றிப் பயன்படுத்தலாம். இரண்டாவது பதிவுகளையே அழித்துவிடும். உங்கள் உறுப்பினர்கள் புக்மார்க் செய்து வைத்ததும் அதோடு போய்விடும், திரும்ப வராது. இடம் மிச்சமாகிறதே என்று அதில் எண்ணை நிரப்ப வேண்டாம்.

லெம்மி வேறு மாதிரி. அங்கே ஏற்றிய படம் பிக்ட்-ஆர்எஸ் என்ற தனி மென்பொருளிடம் போகிறது. மற்ற சர்வர்கள் பொதுவாக முழுப் படத்தை நகலெடுப்பதில்லை. முகவரியை வைத்துக்கொண்டு, சிறிய முன்னோட்டப் படத்தை மட்டும் சேமிக்கும். இதனால் மற்றவர்களின் டிஸ்க் தப்பிக்கிறது. அதற்குப் பதில் படம் பிரபலமானால் உலகம் முழுக்க உள்ள வாசகர்கள் மூலச் சர்வரின் கதவைத் தட்டுவார்கள். அந்தச் சர்வர் மூடப்பட்டால் மற்ற எல்லாச் சர்வர்களிலும் அந்த முழுப் படம் தெரியாமல் போய்விடும். 2025 ஜூன் இறுதியில் லெம்.ஈஈ என்ற பெரிய லெம்மி சர்வர் மூடப்பட்டது. நடத்துவதற்குப் போதிய ஆட்கள் இல்லை என்பதுதான் அவர்கள் சொன்ன முக்கியக் காரணம். பணம் இருந்தாலும் மனிதர்கள் களைத்துப்போவார்கள் என்பதையும் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பிரதி எடுப்பதில் இடத்தைவிடப் பெரிய ஒரு செலவும் உண்டு. 2023 ஆகஸ்டில் சிலர் வேண்டுமென்றே லெம்மியில் குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றப் படங்களை ஏற்றினார்கள். அப்போதைய லெம்மி, வெளியூர்ப் பதிவுகளின் முன்னோட்டப் படத்தைத் தானாகவே சேமித்துக்கொள்ளும். எந்தப் படம் எந்தப் பதிவுக்கு உரியது என்று எளிதில் கண்டுபிடிக்கவும் வழி இருக்கவில்லை. தங்கள் டிஸ்கில் என்ன வந்து சேர்ந்தது என்றே தெரியாத நிலையில், அட்மின்கள் பலர் கடந்த சில மணி நேரத்தில் வந்த எல்லாப் படங்களையும் மொத்தமாக அழித்தார்கள். சிலர் படம் ஏற்றும் வசதியையே நிறுத்தினார்கள். தன் ஓய்வு நேரத்தில் நாலு பேருக்கு உதவியாக இருக்கட்டும் என்று சர்வர் நடத்தும் ஒருவர் தலையில் இப்படி ஒரு சுமை வந்து விழுவது கொடுமை. 2024-ல் வந்த 0.19.4 பதிப்பில் இதற்கு மூன்று தேர்வுகள் கொடுத்தார்கள்: முன்னோட்டம் எதையும் சேமிக்காமல் இருப்பது, முன்னோட்டத்தை மட்டும் சேமிப்பது, எல்லாப் படத்தையும் தன் வழியாகவே அனுப்புவது. புதிதாகத் தொடங்குபவருக்கு முதலாவதைத்தான் நான் பரிந்துரைப்பேன்.

இனி பில்லைப் பிரித்துப் பார்ப்போம். மலிவான சர்வர்களில் 40 அல்லது 80 ஜிபி டிஸ்க்தான் கொடுப்பார்கள். படமும் டேட்டாபேஸும் அதே டிஸ்கில் இருந்தால் ஒரு ஆபத்து: படம் நிறைந்ததும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் எழுத இடமில்லாமல் நின்றுவிடும். படம் ஏற்ற முடியாமல் போவதோடு முடியாது, தளமே படுத்துவிடும். அதனால் படங்களை ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜ் என்ற தனிச் சேமிப்பகத்துக்கு மாற்றுவார்கள். அமேசானின் எஸ்3 இதில் பழையது. அதே முறையில் பேசும் வேறு நிறுவனங்களும் நிறைய உண்டு.

இங்கே விலையை இரண்டு கண்ணாலும் பார்க்க வேண்டும். எஸ்3-ல் அமெரிக்கக் கிழக்கு மண்டலத்தில் ஒரு ஜிபியை ஒரு மாதம் வைக்க 2.3 சென்ட். அதே ஒரு ஜிபியை ஒரு முறை வெளியே அனுப்ப 9 சென்ட், மாதத்தில் முதல் 100 ஜிபி இலவசம். நம் முந்நூறு பேர் தினமும் ஆளுக்கு நூறு படம் உருட்டிப் பார்த்தால் ஒரு நாளைக்கு 12 ஜிபி, மாதம் 360 ஜிபி வெளியே போகும். இலவசம் போக 260 ஜிபிக்கு 23 டாலருக்கு மேல். சேமிப்புக்கோ, சொந்தப் படம் 44, பிரதி 21, மொத்தம் 65 ஜிபிக்கு ஒன்றரை டாலர்தான். வைப்பதற்கு ஆவதைப் போல 15 மடங்கு, கொடுப்பதற்கு ஆகிறது. சேமிப்பு விலையை மட்டும் பார்த்துவிட்டுச் சேர்ந்தவர்கள் மாதக் கடைசியில் அதிர்ந்துபோவது இதனால்தான்.

கிளவுட்ஃபிளேரின் ஆர்2 என்ற சேமிப்பகம் 2022-ல் வந்தபோது பேச்சானதற்குக் காரணம், வெளியே அனுப்புவதற்குக் கட்டணமே இல்லை என்பதுதான். சேமிப்பு ஜிபிக்கு 1.5 சென்ட், முதல் 10 ஜிபி இலவசம். பேக்பிளேஸ் பி2 என்ற இன்னொரு சேமிப்பகம் 2023 அக்டோபரில் தன் மாதச் சேமிப்பு விலையை டிபிக்கு 5 டாலரிலிருந்து 6 டாலராக ஏற்றியது. கூடவே, சேமித்த அளவைப் போல மூன்று மடங்கு வரை வெளியே அனுப்புவது இலவசம் என்றது. நம் கணக்கில் 65 ஜிபிக்கு மூன்று மடங்கு 195 ஜிபி. வெளியே போவதோ 360. பற்றாது, மீதிக்குப் பணம் கட்ட வேண்டும். இந்த மாதிரிப் பெருக்கலை முன்கூட்டியே போட்டுப் பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் போதும். சில நிறுவனங்கள் ஒரு ஃபைலைச் சேமித்தால் இத்தனை நாளுக்குக் குறையாமல் பணம் கட்ட வேண்டும் என்றும் நிபந்தனை வைப்பதுண்டு. ஏழு நாளில் அழித்துவிடும் தற்காலிகப் பிரதிகளுக்கு அப்படிப்பட்ட இடம் ஒத்துவராது.

இந்தப் பிரச்சினை புதிதல்ல. 1979-ல் அமெரிக்காவின் ட்யூக் பல்கலைக்கழகத்தில் டாம் ட்ரஸ்காட், ஜிம் எல்லிஸ் என்ற இரண்டு மாணவர்கள் யூஸ்நெட் என்ற யோசனையைத் தொடங்கினார்கள். உலகின் முதல் பெரிய பரவலாக்கப்பட்ட மன்றம் அதுதான். ஒரு சர்வரில் எழுதியது பக்கத்துச் சர்வருக்குப் போகும், அங்கிருந்து அடுத்ததற்கு. கடைசியில் எல்லா இடத்திலும் எல்லாவற்றுக்கும் பிரதி இருக்கும். எழுத்து மட்டும் இருந்தவரை இது அழகாக நடந்தது. அப்புறம் ஆட்கள் படத்தையும் மென்பொருளையும் எழுத்தாக மாற்றி அனுப்பக் கற்றுக்கொண்டார்கள். யூயூஎன்கோட் என்ற முறை 3 பைட்டை 4 எழுத்தாக்கும். அதாவது ஃபைல் மூன்றில் ஒரு பங்கு பெருத்துவிடும். பெருத்ததைத் துண்டு துண்டாக வெட்டி, பல செய்திகளாக அனுப்புவார்கள். ஆல்ட்.பைனரீஸ் என்று தொடங்கும் குழுக்கள் இதற்கென்றே வளர்ந்தன. ஒவ்வொரு சர்வரும் கேட்காமலேயே அவ்வளவையும் சுமந்தது. வேறு வழியில்லாமல் சர்வர் நடத்தியவர்கள் எழுத்துக் குழுக்களை நீண்ட காலம் வைத்துக்கொண்டு, ஃபைல் குழுக்களைச் சீக்கிரமாக அழித்தார்கள். அல்லது ஃபைல் குழுக்களையே வாங்காமல் விட்டார்கள். 2008-ல் டைம் வார்னர் கேபிள் என்ற அமெரிக்க இணைய நிறுவனம் தன் வாடிக்கையாளர்களுக்கு யூஸ்நெட் கொடுப்பதையே நிறுத்தியது. குற்றப் படங்களுக்கு எதிராக நியூயார்க் அரசு கொடுத்த நெருக்கடி அதன் பின்னணி. 2010 மே 20 அன்று ட்யூக் பல்கலைக்கழகமே தன் யூஸ்நெட் சர்வரை அணைத்தது. பயன்பாடு குறைவு, செலவு கூடுதல் என்று காரணம் சொன்னார்கள். பிறந்த வீட்டிலேயே அதற்கு இடம் இல்லாமல் போயிற்று. படத்துக்கு ஒரு விதி, எழுத்துக்கு ஒரு விதி என்று பிரிக்காத தளத்தில், படத்தின் செலவு எழுத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும் என்று நான் உறுதியாக நம்புவது யூஸ்நெட்டைப் பார்த்துத்தான்.

அப்படியென்றால் படத்தை வேறு இலவச இடத்தில் ஏற்றி, லிங்க் மட்டும் போட்டால் என்ன? பல மன்றங்கள் இதைத்தான் செய்தன. ஃபோட்டோபக்கெட் என்ற படம் ஏற்றும் தளம் 2017 ஜூனில், வேறு தளங்களில் படம் தெரிய வேண்டுமென்றால் வருடத்துக்கு 399.99 டாலர் கட்ட வேண்டும் என்று திடீரென்று சொன்னது. கார் பழுது பார்ப்பது, மரவேலை, தையல் என்று படிப்படியாகப் படம் போட்டு விளக்கிய பல்லாண்டுப் பதிவுகளில் படம் இருந்த இடத்தில் எல்லாம் ஒரே அறிவிப்புப் பலகை வந்து நின்றது. எழுத்து இருக்கிறது, "இந்த ஸ்க்ரூவை இப்படித் திருப்புங்கள்" என்று. எந்த ஸ்க்ரூ என்று தெரியாது. அதே மாதிரித் தளமான இம்கர் 2023-ல், கணக்கில்லாமல் ஏற்றப்பட்ட பழைய படங்களை நீக்கப்போவதாக அறிவித்தது. இலவச இடத்தை நம்பலாம், அது நிரந்தரம் என்று மட்டும் நம்பக் கூடாது.

ஐபிஎஃப்எஸ் என்ற பரவலாக்கப்பட்ட ஃபைல் வலையில் போட்டால் செலவே இல்லை, என்றைக்கும் அழியாது என்று ஒரு பேச்சு உண்டு. அது சரியல்ல. அதில் ஃபைலுக்கு அதன் உள்ளடக்கத்திலிருந்தே ஒரு முகவரி கிடைக்கிறது. யாரிடம் பிரதி இருந்தாலும் அவரிடமிருந்து வாங்கலாம். ஆனால் யாராவது ஒருவர் அதைத் தன் டிஸ்கில் இருத்தி வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் காலப்போக்கில் எல்லாருடைய இடத்திலிருந்தும் நீங்கிவிடும். டிஸ்க் என்றால் வாடகைதான். வீடியோவுக்கு, பிரான்ஸின் ஃப்ராமாசாஃப்ட் அமைப்பு உருவாக்கிய பியர்ட்யூப் நல்ல வழி: ஒரே நேரத்தில் பார்ப்பவர்கள் துண்டுகளைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்வதால் சர்வரின் சுமை குறைகிறது. சேமிப்புச் செலவு அதிலும் அப்படியே இருக்கும்.

வேறொரு ஓட்டையும் கவனிக்க வேண்டும். மேட்ரிக்ஸ் என்ற பரவலாக்கப்பட்ட உரையாடல் வலையில் முன்பு லிங்க் தெரிந்த எவரும் லாகின் இல்லாமல் ஃபைலை இறக்கலாம். சம்பந்தமில்லாதவர்கள் அந்தச் சர்வர்களை இலவச ஃபைல் கிடங்காகப் பயன்படுத்தினார்கள். 2024-ல் லாகின் இருந்தால்தான் ஃபைல் என்று விதியை மாற்றினார்கள். லெம்மியிலும் இதற்கு நெருக்கமான ஒன்று உண்டு. எழுதும் பெட்டியில் படத்தை இழுத்துப் போட்டுவிட்டு, பதிவிடாமலேயே பக்கத்தை மூடினாலும் படம் சர்வரில் ஏறியிருக்கும். எந்தப் பதிவிலும் இல்லாத அநாதைப் படங்கள் இப்படித்தான் சேர்கின்றன.

உறுப்பினராக நாம் செய்யக்கூடியது அதிகமாகவே இருக்கிறது. எழுத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போடாமல் எழுத்தாகவே போடலாம். பார்வையற்றவர்களின் கருவியும் அதைப் படித்துக் காட்டும். படத்தை 1,600 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கினாலே 4 எம்பி படம் சில நூறு கேபிக்கு இறங்கிவிடும், போனில் பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. அது ஒரு டிஸ்கில் மட்டும் மிச்சமாகும் இடமல்ல, பிரதி எடுக்கும் ஒவ்வொரு டிஸ்கிலும் மிச்சமாகும். நீண்ட வீடியோவை வேறிடத்தில் வைத்து லிங்க் கொடுக்கலாம்.

சர்வர் நடத்துபவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்று: நன்கொடை கேட்கும்போது மொத்தத் தொகையோடு, சொந்தப் படம் எத்தனை ஜிபி, வெளியூர்ப் பிரதி எத்தனை ஜிபி, மாதம் வெளியே போனது எத்தனை ஜிபி என்ற மூன்று எண்களையும் போடுங்கள். காசு எங்கே போகிறது என்று தெரிந்தால் கொடுப்பவர்கள் மனமுவந்து கொடுப்பார்கள். பேக்கப் எடுக்கும்போதும் இதே பிரிவு உதவும். வெளியூர்ப் பிரதிகளுக்கு பேக்கப் தேவையில்லை, தொலைந்தால் மூலத்திலிருந்து மறுபடி வரும். உங்கள் உறுப்பினர்கள் ஏற்றிய அந்த 44 ஜிபிக்கு வேறு மூலம் கிடையாது. அதை டேட்டாபேஸ் பிரதியோடு சேர்த்து, சர்வர் வைத்திருக்கும் நிறுவனத்திடம் இல்லாமல் வேறொரு நிறுவனத்திடம் வையுங்கள். மேலே சொன்ன பேக்பிளேஸின் 6 டாலர் விலையில் அந்த 44 ஜிபிக்கு மாதம் 30 சென்ட்கூட ஆகாது.